லிப்ராதா ரொம்பத் திறமைசாலி

...ஆக ஐஸ் வரவில்லை, அதுதான் முதல் அறிகுறி, வேறு ஊர்களில் ஆபத்து என்றால் கடிதம் வரும், போன் வரும், அசுன்சியோனில் எங்கள் கணக்கு அலுவலகத்தில் மட்டும் அது ஐஸ் வராமல் போவதாக வந்து சேரும், ஏனென்றால் எங்கள் பெரிய வாடிக்கையாளர் போர்ஃபிரியோ ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கிறார், தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு மூட்டை இனாமாக வந்து இறங்கும், இன்று மணி பதினொன்று, வெயில் முப்பத்தொன்பது டிகிரி, ஐஸ் தண்ணீரில் குடிக்க வேண்டிய தெரெரே என்ற இலைப் பானத்தை நான் குழாய்த் தண்ணீரில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை... ஊற்றுவது என் வேலை, இருப்பவர்களில் வயதில் சிறியவன்தான் ஊற்ற வேண்டும், மாட்டுக்கொம்புக் குவளையில் யெர்பா இலைத்தூள், அதில் ஒரு உலோகக் குழல், முதல் குவளை புனித தோமாவுக்கு, அதாவது யாரும் குடிப்பதில்லை, தூளே உறிஞ்சிக்கொள்ளும், தோமா இதுவரை எந்தக் குறையும் சொன்னதில்லை, பிறகு தோன் எவுலாலியோ, பிறகு ஞா நின்ஃபா, தோன் என்றால் ஐயா, ஞா என்றால் அம்மா, பிறகு முதலாளி சுனில்தா மேடம், கடைசியில் நான். ஒவ்வொருவர் குடித்ததும் குவளை என்னிடம்தான் திரும்பி வரும். இப்போதைக்குக் குவளை மட்டும்.

மேடம் போனைக் கையில் பிடித்தபடியே அறையிலிருந்து வெளியே வந்தார். “போர்ஃபிரியோவுக்கு வரி ஆபீஸ்லேர்ந்து அபராதம். பதினொண்ணாம் தேதி அனுப்ப வேண்டியதை இருபத்தஞ்சுன்னு குறிச்சு வச்ச புண்ணியவான் யாரு?” எனக்கு உள்ளே ஏதோ குதித்தது, பயம் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கால்பந்தில் பெனால்ட்டி உதைக்கப் போகிறவனின் குதிப்பும் அதில் கொஞ்சம் இருந்தது, ஏனென்றால் அந்தப் புண்ணியவான் நான்தான். விஷயம் இவ்வளவுதான், எங்கள் ஊரில் வரி எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துத்தான் வரிக்கணக்கு அனுப்பும் கெடுநாள், இரண்டில் முடிந்தால் பதினொன்று, ஒன்பதில் முடிந்தால் இருபத்தைந்து, ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு இன்னொரு இலக்கம் இருக்கும், அது சும்மா சரிபார்ப்புக்கு, அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள், நான் அந்த வாரம் போகவில்லை. போர்ஃபிரியோவின் எண் இரண்டில் முடிகிறது. கோட்டுக்கு அப்பால் ஒன்பது. அக்டோபர் மூன்றாம் தேதி, இடது கையில் பொரித்த எம்பனாடா, வலது கையில் விசைப்பலகை, எண்ணெய் விரல், ஒன்பது, இருபத்தைந்து, முடிந்தது கதை... அதுவும் இன்று என் மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிற நாள், வேலையை உறுதி செய்யும் தாள் மேடத்தின் இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, நானே அச்சடித்துக் கொடுத்தேன், கையெழுத்து விழாவிட்டால் இத்தாகுவாவில் மாமாவின் கோழிப்பண்ணைக்குப் போக வேண்டும், மாமாவோடு சமாளித்துவிடலாம், கோழிகளுக்கு என்னை ஆகாது.

குவளையை எவுலாலியோவிடம் நீட்டினேன். அவர் ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, “ரசீது அடுக்குறது மட்டும்தான் நான், மேடம். இருபத்திரெண்டு வருஷமா அடுக்குறேன். தேதியெல்லாம் நின்ஃபா பார்வை” என்றார், குவளை திரும்பியது, ஊற்றினேன், நின்ஃபாவிடம் போனது, “நான் சரிபாக்குறவ, தோன். எழுதுறவ இல்ல. தப்பா எழுதிக் குடுத்தா அந்தத் தப்பு சரியா இருக்கான்னுதான் பாப்பேன். அதுக்கு மேல மேடம் கையெழுத்து இருக்கே” என்று ஞா நின்ஃபா சொல்லி முடித்துக் குழலில் கடகடவென்று சத்தம் வரும்வரை குடித்தார், திரும்பியது, ஊற்றினேன், அடடா, பழியும் குவளையும் ஒரே திசையில் போகின்றன, ஒரே வேகத்தில், இதை யாராவது கவனிக்கிறார்களா, அடுத்தது மேடம், மேடத்துக்கு அப்புறம் நான், நான் மட்டும்தான்... “கையெழுத்து போடுறது என் வேலை, படிக்குறது இல்ல. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை” என்றார் மேடம், குடித்தார், முகம் சுளித்தார், “ஐஸே இல்லாம என்ன கருமம்டா இது”, குவளையை என்னிடம் கொடுத்தார்.

என் முறை. மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். சொல்லிவிடலாமா, நான்தான், எம்பனாடா, எண்ணெய், கோடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், நாடகத்தில் போல, வாயைத் திறந்தேன், ஆனால் அதற்குள் மேடம், “கணினியில யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு பாத்துட்டாப் போச்சு” என்று என் மேசைக்கே வந்து குனிந்தார். பதிந்தவர், லிப்ராதா. எனக்கு மறந்தே போயிருந்தது, சோதனைக் காலத்துக்காரனுக்குக் கணினியில் தனி நுழைவு கிடையாது, எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த லிப்ராதாவின் பெயரில்தான் மூன்று மாதமாக நான் வேலை செய்கிறேன், அவளுடைய நாற்காலி மெத்தை, அவளுடைய கத்தரிக்கோல், அவளுடைய பெயர். “லிப்ராதாவா!” என்றார் எவுலாலியோ, காணாமல் போன செருப்பு கிடைத்தவரைப் போல. “நெனச்சேன்” என்றார் நின்ஃபா. மேடம் தேதியைப் பார்த்தார், அக்டோபர் மூன்று. “அவ ஜூலையிலேயே போய்ட்டாளே.” இப்போது, இப்போது பிடித்துவிடுவார்கள்... “ஸ்பெயின்லேர்ந்து செஞ்சிருப்பா” என்றார் எவுலாலியோ, “இன்டர்நெட் இருக்குல்ல.” “ஸ்பெயினா? புவெனஸ் அயர்ஸ்ல ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கிட்டான்னு கேள்விப்பட்டேன்” என்றார் நின்ஃபா, “எங்கேர்ந்தா என்ன, செய்யக்கூடியவதான். ரொம்பத் திறமைசாலி.” மேடம் யோசித்தார். “திறமைசாலிதான்” என்றார் மேடம்.

அவ்வளவுதான். முடிந்தது. புனித தோமாவின் முதல் குவளை மாதிரி, இல்லாதவளின் பங்குக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை, எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மேடம் என் நாற்காலியிலேயே போர்ஃபிரியோவுக்கு விளக்கக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார், அதற்குள் லிப்ராதாவின் நுழைவு பூட்டிக்கொண்டது, கடவுச்சொல் கேட்டது, நான் சொல்ல வாயெடுத்தேன், மேடம் திரையைக்கூடப் பார்க்காமல் தடதடவென்று அடித்துத் திறந்துவிட்டார். எட்டு எழுத்து. பின்னால் ஒரு எண். ஒரு நொடி தாமதமாக எனக்கு உறைத்தது, நான் யாருக்கும் அதைச் சொன்னதில்லையே, எனக்கு அதைச் சொன்னது எவுலாலியோ, அவருக்கு நின்ஃபா சொல்லியிருக்க வேண்டும், அப்படியானால் லிப்ராதா பெயரில் இங்கே யார் வேண்டுமானாலும் பதிந்திருக்கலாம், மூன்றாம் தேதி எம்பனாடா தின்றுகொண்டு நான் பதிந்தது போர்ஃபிரியோவுடையதுதானா, இல்லை பக்கத்து வரியில் இருக்கும் மெத்தைக் கடைக்காரருடையதா, எண்ணெய் விரல் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை, எவுலாலியோ ஏன் ரசீதுக் கட்டையே இவ்வளவு நேரம் சரிசெய்துகொண்டிருந்தார், நின்ஃபாவின் கழுத்து ஏன் சிவந்திருந்தது, ஆக பெனால்ட்டிக்கு நான் மட்டும் நிற்கவில்லை...

மாலை நாலு மணிக்கு ஐஸ் வந்தது, அரை மூட்டை, மன்னிப்பும் பாதிதான் போலும். மேடம் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டினார், கையெழுத்து விழுந்திருந்தது, படிக்காமல்தான் போட்டிருப்பார், அதனால் என்ன. “நாளைலேர்ந்து நீ நம்ம ஆளு, தெர்லிஸ். லிப்ராதா பேரை எடுத்துடலாம். உன் பேர்லயே தனி நுழைவு.” நான் பறந்துகொண்டு மேசைக்கு வந்தேன், கோழிகளே, பிழைத்துப் போங்கள், தெர்லிஸ், திரையில் தெர்லிஸ், என்ன அழகாக இருக்கும், ஐஸைக் குவளையில் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தோன் எவுலாலியோ மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “பாஸ்வேர்ட் என்ன வைக்கப் போற, தம்பி?” என்றார் மெதுவாக. “நம்ம எல்லாருக்கும் ஞாபகத்துல நிக்கிற மாதிரி ஒண்ணு வை.” “சின்னதா வை” என்றார் ஞா நின்ஃபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மேடத்தின் அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. குவளை என் கையில் சில்லென்று இருந்தது, நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஸ்பெயின், பல் டாக்டர்... ஆமாம், லிப்ராதா ஏன் போனாள், மூன்று மாதமாக அவள் மெத்தையில் உட்கார்ந்துகொண்டு ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லையே...