முகர்ந்ததை மறைத்தவள்

நயமறிந்தீர், கார்முகில் கவிந்த ஆனித் திங்களின் நண்பகலில் மட்டாஞ்சேரியின் காயலோரத்தை ஒருமுறை காணுங்கள். எதிரிலுள்ள வைப்பின் தீவிலிருந்து வரும் படகுகள் அலையில் தள்ளாட, ஓடுவேய்ந்த சரக்கறைகள் தோளோடு தோள் உரசி நிற்க, இஞ்சியும் மிளகும் ஏலமும் கலந்த மணம் தெருவெங்கும் நனைந்து கிடக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டில், அங்கே மொய்து ராவுத்தரின் சரக்கறையில், வேதியியல் பட்டம் பெற்ற சந்தனமாரி, மிளகை உலர்த்துமுன்னும் பின்னும் நிறுத்து அதன் ஈரத்தை அளந்து எழுதும் பணியில் இருந்தாள். துலாக்கோலின் நுண்ணிய படிக்கற்கள் அவள் கைக்குப் படியவில்லை. ஒரே மிளகை இருமுறை நிறுத்தால் இருவேறு விடை வரும். ஆனால் மூட்டை படகிலிருந்து இறங்கும்போதே உள்ளே பூசணம் பிறக்கவிருப்பதை அவள் மூக்கு அறிந்துவிடும். முற்றத்தில் மிளகு புடைத்துப் பொறுக்கும் தாய் ஒச்சம்மாள் தந்த கூர்மை அது. கூலிப்பெண்ணின் மகள் என்று அறியப்பட நாணித் தாயை மறைத்தாள்; தாயைக் காட்டிக்கொடுக்குமென்று அந்தக் கூர்மையையும் மறைத்தாள். இருவரும் வெவ்வேறு வழியே வேலைக்கு வந்தனர். பணியிடத்தில் தாய் மகளை 'நீங்க' என்றே அழைத்தாள். உடன் பொறுக்கும் பெண்களும், அறிந்திருந்தும், வாய்திறவாது அவள் மானத்தைக் காத்தனர்.

ஒருநாள், வந்திறங்கிய மூட்டைகளின் மேல்வாய் மிளகை மட்டும் அளந்து 'உலர்ந்தது' என அவள் எழுதுகையில், ஒச்சம்மாள் வாயிலில் வந்து நின்றாள்.

"அடியில நனஞ்சிருக்கு. பூஞ்ச வாடை அடிக்குது. ஒருக்கா மோந்து பாருங்க."

அவ்வாடையைச் சந்தனமாரி முன்னமே உணர்ந்திருந்தாள். கணக்கர் வெங்கிட்டு சிரித்தார். "மூக்குக்கும் இப்ப பட்டம் குடுக்குறாங்களா, ஒச்சம்மா?"

"இங்க கருவி இருக்கு. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க" என்றாள் மகள், தலை நிமிராமல்.

எட்டாம் நாள், கப்பலேற்றுமுன் அவிழ்த்த மூட்டைகளில் வெண்பூசணம் பஞ்சுபோல் படர்ந்திருந்தது. வந்தபோது உலர்ந்திருந்ததாக மகளின் தாள் சொல்ல, முற்றத்தில் நனையவிட்டவள் ஒச்சம்மாளே என்று ராவுத்தர் அவளை வெளியேறச் சொன்னார். தான் எச்சரித்ததை அவள் கூறவில்லை; அதைக் கேட்டிருந்த வெங்கிட்டு கணக்கேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டாள்.

அவள் வாயிற்படியை நெருங்கியபோது சந்தனமாரி எழுந்தாள்.

"முதலாளி, தப்பு என்னுது. வாடை எனக்கும் தெரிஞ்சுது. இவங்க வந்து சொன்னாங்க. ஒத்துக்கிட்டா இவங்க எங்கம்மான்னு தெரிஞ்சுருமேன்னு... எழுதிட்டேன்."

அவள் மூக்கைச் சோதிக்க ராவுத்தர் அவளை மூட்டை அடுக்கருகே அழைத்தார். பின்பு அவிழ்க்காத ஐந்து மூட்டைகளைக் காட்டினார். சந்தனமாரி முகர்ந்து இரண்டைப் பிரித்தாள். அவிழ்த்தபோது அவ்விரண்டில் மட்டுமே பூசணம் இருந்தது.

"பின்ன எதுக்கு உனக்கு அந்தத் தராசு? நாளை தொட்டு தினமும் படகடியில நில்லு மோளே. நீ சரின்னு சொல்லாம ஒரு சாக்கும் கரையேற வேண்டா. ஒச்சம்மா, முறத்த எடு" என்றார் ராவுத்தர்.

தனக்கென்று அமைந்த பணியைச் சந்தனமாரி அன்று கண்டடைந்தாள். அது கிடைத்த வழியை எண்ணி மகிழ முடியவில்லை. முற்றத்திற்குச் சென்று தாயருகே அமரக் குனிந்தாள். ஒச்சம்மாள், பழகிப்போன நாவால், மெல்லச் சொன்னாள்:

"நீங்க அந்தப் பக்கம் இருங்க. இங்க தூசி."

மிளகின் ஈரம் நான்கு நாள் வெயிலில் போய்விடும். தாயின் நாவிலிருந்து 'நீங்க' என்ற அந்தச் சொல் போவதற்குப் பல மழைக்காலங்கள் ஆயின.