எடையைத் திரும்பப் பெற்ற விவரம்

குதிரையேற்றம் கற்க வருகிறவர் தன் எடையை ஆசானிடம் ஒப்படைக்க வேண்டும். ஆசான் திருமேனிநாதனின் பயிற்சிக் கூடத்தில் அதுதான் முதல் பாடம். நானும் ஒப்படைத்தேன். பன்னிரண்டு வருடம் கழித்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறினேன். வெளியேறியது ஏன் என்று கேட்பவர்களுக்காக, எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசை மாறாமல் முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒன்று. சேர்ந்த அன்று என்னிடமிருந்து எழுபத்தாறு கிலோ எடுத்துக்கொண்டார்கள். ரசீது தரவில்லை. கேட்டதற்கு, "ஒம்ம எடை எங்கிட்ட பத்திரமா இருக்கும்வே. ரசீதுதான் காத்துல பறந்துரும்" என்றார் ஆசான்.

இரண்டு. நாற்பதாம் நாள் குதிரை வரும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. குதிரை மூன்றாம் வருடம் வந்தது.

மூன்று. வந்தது ஒரே குதிரை. பழுப்பு நிறப் பெட்டை, பெயர் மரகதம். மாணவர்கள் நாங்கள் இருபத்து மூன்று பேர். முறை வைத்து ஏறினோம். எங்களில் யாருக்கும் எடை இல்லாததால் ஏறியது மரகதத்துக்குத் தெரியவில்லை. முதுகில் ஆள் இருப்பது தெரியாத குதிரை எதற்காக நடக்க வேண்டும்? அது புல் தின்றது. அது புல் தின்பதை அதன் முதுகில் உட்கார்ந்தபடி நான்கு வருடம் பார்த்தேன். இரண்டாம் கட்டம் முடிந்தது என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

நான்கு. எங்கள் தொழிற்சங்கத்தின் மாவட்ட மாநாட்டில் நான் பேச எழுந்தபோது யாரோ மேடை மின்விசிறியைப் போட்டார்கள். நான் பந்தலின் மேல்துணியில் போய் ஒட்டிக்கொண்டேன். தீர்மானத்தை அங்கிருந்தே வாசித்தேன். ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் அண்ணாந்து பார்த்துக் கைதட்டியவர்களின் முகத்தில் எனக்குரிய மரியாதை இல்லை.

ஐந்தாவதை மன்னிக்க முடியாது. அதற்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். நாற்பது வருடமாக நான் மறியல்காரன். பள்ளிக்கூடம் எனக்கு ஒன்றும் தரவில்லை, படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில்தான். பதினாறு பக்கத்துக்கு மேல் போகும் எதையும் இன்றுவரை நம்பியதில்லை. என் முப்பது வயதில் நான்கு காவலர்கள் சேராமல் என்னைச் சாலையிலிருந்து எடுக்க முடியாது. மறுநாள் பத்திரிகையில் 'வீரபாகுவைக் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்' என்று வரும். பதினேழு முறை வந்திருக்கிறது. பதினேழையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னைப் போன வருடம் பேருந்து நிலைய மறியலில் ஒரு பெண் காவலர் இடது கையால் தூக்கினார். வலது கையில் அலைபேசி இருந்தது. "ஆமாம்மா, சாப்ட்டுட்டேன். கையில ஒரு ஆளு இருக்காரு, பொறவு பேசுதேன்" என்று சொல்லிவிட்டு என்னை வேனில் வைத்தார். மறுநாள் பத்திரிகையில் 'அப்புறப்படுத்தப்பட்டார்' என்று வந்தது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் சங்கத்தின் தீர்மானம். ஒரு காலத்தில் எங்கள் ஊர்வலங்களைக் கலைக்கக் குதிரைப் போலீசை அனுப்பத் தொடங்கினார்கள். எதிரியின் வாகனத்தை அறிந்தவர் நம்மில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. என்னை அனுப்பினார்கள். நான் பாடத்தில் சேர்ந்த மாதமே குதிரைப் போலீசை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ஆகவே தொடர்ந்தேன்.

இந்த ஆடி மாதம் நூற்பாலையை மூடி, இயந்திரங்களை லாரிகளில் ஏற்றி வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் செய்தி வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு லாரிகள் புறப்படும். ஆலைக்கு ஒரே வாசல்தான். வாசலில் உட்கார்ந்துவிட்டால் லாரி வெளியே வர முடியாது. லாரி போய்விட்டால் முன்னூறு பேருக்குத் திரும்பிப் போக ஒரு ஆலை இருக்காது. சங்கச் செயலாளர் தோழர் சூசையம்மாள் உட்கார வேண்டியவர்களின் பட்டியலை வாசித்தார். என் பெயர் அதில் இல்லை.

"என்ன தோழர், விட்டுப்போச்சா?" என்றேன்.

"விட்டுப்போகல. விட்டுருக்கேன். காத்துக் காலம்லா. பேனரைக் குடுத்தா பேனரோட போயிருவிய."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டு பையிலும் குழவிக்கல்லைப் போட்டுக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். ஆசான் வழக்கமான இடத்தில் இருந்தார். இருபத்து மூன்று பேரின் எடையும் அவர்மேல் இருந்ததால் அவருடைய இரும்பு நாற்காலி தரைக்குள் பாதி இறங்கியிருந்தது. அவர் குதிரை ஏறி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவரைத் தாங்கும் குதிரை கிடையாது. அவருடைய மனைவி உலகம்மாள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, நான் போறேன். என் எடையைக் குடுங்க" என்றேன்.

"மூணாம் கட்டம் பாக்கி இருக்கேவே."

"அதுல என்ன சொல்லிக்குடுப்பிய?"

"எறங்குதது."

"நான் இன்னும் ஏறவே இல்லையே."

"அதனாலதான் அது கஷ்டம்." மோரைக் குடித்து முடித்தார். "கோவிச்சுக்கிட்டுப் போறீரா, சொல்லிக்கிட்டுப் போறீரா?"

நான் எழுதிக்கொண்டு வந்திருந்த துண்டறிக்கையைக் கொடுத்தேன். ஐந்து அநீதிகளையும் அவர் விரலை வைத்து வாசித்தார்.

"நாலாவதுல, காத்தாடியைப் போட்டது நான் இல்லையே."

"பறந்தது யாரால?"

யோசித்தார். "சரி, இருக்கட்டும்" என்று மடித்து மடியில் வைத்துக்கொண்டார். என் வாழ்வில் ஒரு கோரிக்கைப் பட்டியலைத் திருத்தாமல் வாங்கிக்கொண்ட எதிர்த்தரப்பு அவர் ஒருவர்தான்.

எடையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முறை இருக்கிறது. குதிரையை நடுவில் நிறுத்துவார்கள். இந்தப் பக்கம் கொடுப்பவரும் அந்தப் பக்கம் பெறுபவரும் அதன் முதுகுக்கு மேலாகக் கைகோத்துக்கொள்ள வேண்டும். உலகம்மாள் மரகதத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியை ஒட்டி நிறுத்தினார். ஆசான் கையை மட்டும் உயர்த்தினார்.

"அண்ணாச்சி, ஒங்க அளவு வந்ததும் 'போதும்'னு சொல்லணும்" என்றார் உலகம்மாள். "நீங்க சொன்னாத்தான் இவுக நிப்பாட்டுவாக. இவுகளுக்குத் தானா நிப்பாட்டத் தெரியாது."

முதலில் பாதங்கள் தரையைத் தொட்டன. பன்னிரண்டு வருடமாகச் செருப்புதான் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு முழங்கால் வலி வந்தது. பிறகு பசி. வலது இடுப்பில் பழைய தடியடி ஒன்றின் கனம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதுவும் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எழுபத்தாறு கிலோவும் என்னுடையதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆசான் என் முகத்தைப் பார்த்தார்.

நான் எதுவும் சொல்லவில்லை.

இதை அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருடப் பேச்சுவார்த்தைகளில் எதிர்த்தரப்பு கொடுத்துக்கொண்டிருக்கும்போது நான் போதும் என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லைச் சொல்பவரை அடுத்த மாநாட்டில் தலைவராக வைத்திருக்க மாட்டார்கள். என் வாய் அதற்குப் பழகவில்லை.

அடுத்து வந்தது ஒரு சர்க்கரை நோயாளியின் எடை. கால் விரல்கள் மரத்தன. அதற்கடுத்து ஒரு நாதஸ்வரக்காரருடையது. கன்னத்தில் மட்டும் கனத்தது. இவர்களெல்லாம் கேட்காமலே போய்விட்டவர்கள். ஒருவர் சிங்கப்பூரில் இறகுப்பந்து ஆடுகிறார், எடை இல்லாதது அவருக்கு வசதி. ஒவ்வொன்று முடியும்போதும் ஆசான் இடைவெளி விட்டார்.

"இன்னும் வேணுமாவே?"

"பரிசீலிக்கிறேன்" என்றேன்.

இருபத்து மூன்றும் முடிந்தது. கடைசியாக அவருடைய சொந்த எடை வந்தது. அது நான் நினைத்ததைவிடச் சிறியது, ஐம்பத்தொரு கிலோ. அதன் பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை. ஆசான் நாற்காலியிலிருந்து மெல்ல மேலே எழுந்தார். உலகம்மாள் அவருடைய வேட்டி முனையைப் பிடித்து, அவரை மரகதத்தின் முதுகில் உட்கார வைத்தார். மரகதத்துக்குத் தெரியவில்லை. அது குனிந்து புல் தின்னத் தொடங்கியது. ஆசான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசமா இதைத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன்" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

"போய்ட்டு வாரேன், ஆசானே."

"வராதேயும்வே" என்றார். அவர் குரலில் பகை இல்லை. ஒரு பெரிய வழக்கு சமரசத்தில் முடிந்த அன்று வக்கீல்களிடம் இருக்கும் குரல் அது.

அங்கிருந்து ஆலைக்கு ஒன்பது கிலோமீட்டர். திங்கட்கிழமை காலையில்தான் போய்ச் சேர்ந்தேன். ஒவ்வோர் அடியிலும் தார் கணுக்கால்வரை வாங்கிக்கொண்டு பிறகு விட்டது. முதல் நாளே ஒரு பேருந்து நின்றது. நடத்துநர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ஏறினா வண்டி எறங்கிரும்" என்று சொல்லி விசில் கொடுத்தார். நியாயமாகப் பட்டது. ஆடிக் காற்று எதிரே வந்தது. என்மேல் மோதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் போனது. பன்னிரண்டு வருடம் காற்றுக்கு நான் வழிவிட்டேன். அன்று அது எனக்கு வழிவிட்டது. முதுகு, முழங்கால், கழுத்து எல்லாம் வலித்தன. அவ்வளவு நிம்மதியாக நான் நடந்ததே இல்லை.

ஒன்பதரை மணிக்கு ஆலை வாசலின் நடுவில் உட்கார்ந்தேன். தரை கொஞ்சம் இறங்கி என்னை ஏற்றுக்கொண்டது. தோழர் சூசையம்மாள் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பரவாயில்லையே தோழர். சதை போட்டிருக்கிய."

"பட்டியல்ல சேத்துக்கோங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்துச் சேர்த்தார்.

பத்து மணிக்கு உள்ளே லாரிகள் உறுமின. வெளியே காவல்துறை வந்தது. மற்றவர்களையெல்லாம் தூக்கி வேனில் ஏற்றிய பின், ஆய்வாளர் என்னைக் காட்டி, "குண்டுக்கட்டாத் தூக்குங்கய்யா" என்றார். அந்தச் சொல்லை நேரில் கேட்டது அதுவே முதல் முறை. நான்கு பேர் பிடித்தார்கள். பிறகு எட்டு. பிறகு பன்னிரண்டு. போன வருடம் என்னை ஒரு கையால் தூக்கிய பெண் காவலரும் அவர்களில் இருந்தார். இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "சார், இவரு அவரு இல்ல" என்றார்.

கிரேன் கொண்டுவந்தார்கள். என் இடுப்பில் கம்பிக்கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். கிரேன் என்னை நோக்கி வந்தது.

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "நகருறதுன்னா எங்க துறை. நகராததெல்லாம் வருவாய்த் துறை" என்றார். தாலுகா அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் அளவு நாடாவோடு வந்தார். நடுவயதுப் பெண்மணி, நிதானமானவர். என்னை நான்கு பக்கமும் அளந்தார். கையால் தட்டிப் பார்த்தார். ஆலை மேலாளர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"மேடம், உடைச்சு எடுத்துருவோமே" என்றார் மேலாளர்.

"உடைக்கணும்னா கனிமவளத் துறை அனுமதி வேணும் சார். மனு போடுங்க. பொதுமக்கள் கருத்துக் கேட்பாங்க. ஒரு பதினஞ்சு வருசம் ஆகும்."

"அதுவரை லாரி?"

"பொத்தைக்குக் குறுக்க லாரி எப்படி சார் போகும்?"

எங்கள் பக்கம் சிறு கற்குன்றைப் பொத்தை என்போம். வழிமறித்து ஒரு பொத்தை இருந்தால் சாலைதான் சுற்றிப் போக வேண்டும். பொத்தையை யாரும் விலகச் சொல்வதில்லை. லாரி ஓட்டுநர்கள் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஐசக்கின் டீக்கடைக்குப் போனார்கள். வேனில் இருந்த தோழர்களைக் காவலர்கள் இறக்கிவிட்டார்கள். மறியலே இல்லாத இடத்தில் கைது செய்ய முடியாது.

அலுவலர் என்னிடம் குனிந்தார். "ஆட்சேபணை ஏதும் உண்டா ஐயா?"

நாற்பது வருடமாக என்னிடம் அப்படிக் கேட்ட எல்லோருக்கும் உண்டு என்றே சொல்லியிருக்கிறேன். "இல்லம்மா" என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது.

ஒரு வெள்ளாடு வந்து என் தோளில் ஏறி நின்றது. அலுவலர் காகிதத்தைத் தொடையில் வைத்து எழுதி முடித்துவிட்டு, சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார். ஐசக்கும் லாரி ஓட்டுநர் ஒருவரும் வந்து நின்றார்கள். அவர் உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"வடக்கே ஆலை மதில். தெற்கே நெடுஞ்சாலை. கிழக்கே டீக்கடை. மேற்கே வாய்க்கால். இந்த நான்கு எல்லைக்கும் உட்பட்ட பொத்தை ஒன்று. உயரம், உட்கார்ந்த நிலையில், மூன்றடி இரண்டங்குலம். மேய்ச்சல் உண்டு. பெயர்..."

நிறுத்தி, சாட்சிகள் கேட்கிறார்களா என்று பார்த்தார். ஐசக் தோளிலிருந்த துண்டை எடுத்தார். ஓட்டுநர் வாயிலிருந்த டீயை விழுங்கினார்.

"வீரபாகுப் பொத்தை" என்று படித்தார்.