அமரர் இல்லாத பத்திரிகை

"ஒருத்தருக்குக்கூட அமரர் போட வேணாமாக்கா?"

கல்யாணப் பத்திரிகை அடித்துப் பழகிய அம்சவள்ளிக்கு, தாத்தா பேருக்கு முன்னால் 'அமரர்' இல்லாமல் விரல் நகரவில்லை. திண்டிவனத்தில் அவளுடைய கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருந்த பரிமளா சிரித்தாள்.

"எல்ஃபுங்கடீ அவங்க. காட்டுல இருக்கிற கூர்க்காதுக்காரங்க. ஆயிரம், ரெண்டாயிரம் வருஷம் இருப்பாங்க. எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க."

பரிமளா ஆறு வருஷமாய் எழுதிய முதல் நாவல், கடைக் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. கடைசிப் பக்கத்தில் வேனிலன், நிலவாள் கல்யாணப் பத்திரிகை வர வேண்டும். ஐந்து மணி பஸ்ஸில் சிடி விழுப்புரம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆடி முடிகிறது, நாளையிலிருந்து அங்கே முகூர்த்தப் பத்திரிகை வேலைதான். இன்று விட்டால் புத்தகம் தை மாசம்தான்.

"மாப்பிள்ளை?"

"ஆலோன் பேரன், நெய்தன் மகன்."

"பொண்ணு?"

"ஆலோன் கொள்ளுப்பேத்தி, மருதன் பேத்தி, கொன்றையன் மகள்."

அம்சவள்ளி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு பக்கமும் ஆலோனா? மருதனும் நெய்தனும் அண்ணன் தம்பியா?"

"ஆமா."

"அய்யய்ய! அப்ப மாப்பிள்ளை பொண்ணுக்கு சித்தப்பா முறையாச்சேக்கா!"

"மருதன் பொறந்து அறுநூறு வருஷம் கழிச்சுத்தான்டீ நெய்தன் பொறந்தாரு."

"அறுநூறு வருஷமானா அண்ணன் தம்பி இல்லன்னு ஆயிடுமா? எல்லாரும் பந்தியில குந்திக்கினு பாத்துக்கினு வேற இருப்பாங்க. இத நான் அடிக்க மாட்டேன்."

பரிமளாவுக்கு வேர்த்துவிட்டது. வயசைக் கணக்குப் போட்டவள் முறையைப் பார்க்கவில்லை. மணி மூன்றரை.

"கல்யாணத்த நிறுத்திடட்டா? முந்நூறு வருஷக் காதல்டீ."

"ஐயோ பாவம், முந்நூறு வருஷமா காத்துக்கினு இருக்குது அந்தப் பொண்ணு! இரு அக்கா, அவங்கம்மா யாரு?"

"குவளை. ரெண்டு எடத்துலதான் வருவா. ரெண்டு தடவையும் பரிமாறிக்கினு இருப்பா."

"எந்த வூட்டுப் பொண்ணு?"

"எழுதல."

"மருதன் மகள்னு எழுது. கொன்றையன் வெளியூரு மாப்பிள்ளை. அப்ப வேனிலன் பொண்ணுக்குத் தாய்மாமன். முறை மாப்பிள்ளை!"

பரிமளா எழுந்தேவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"கொன்றையன் ராஜாவாச்சேடீ. மருதன் வம்சத்துக்குத்தான் சிம்மாசனம்."

"வந்த மாப்பிள்ளைக்கு எதுக்கு சிம்மாசனம்? மக உக்காரட்டும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொன்றையனையும் குவளையையும் மாத்திப் போடு, ஜல்தி!" என்றாள் பரிமளா.

பேர்கள் நொடியில் மாறின. 'வந்தான்' எல்லாம் 'வந்தாள்' ஆகத்தான் நேரம் பிடித்தது. எண்ணூற்று நாற்பது வயதில் குவளை குதிரை ஏறினாள், வாள் வீசினாள், எதிரிப் படையை ஆற்றோடு துரத்தினாள். கொன்றையன் இரண்டு இடத்திலும் பரிமாறினான்.

"பாயசம் சிந்தாம ஊத்துறானாக்கா?"

"பழகிக்குவான்."

நாலே முக்காலுக்கு சிடி கைக்கு வந்தது. பரிமளா ஓடிப் பஸ் பிடித்தாள். உட்கார்ந்து, கூடவே கொடுத்த பத்திரிகைப் பிரிண்டைப் பிரித்தாள். மேலே மகாராணி குவளை. கீழே பதினெட்டுப் பெரியவர்கள், ஒருவர்கூட அமரர் இல்லை. அடியில், கேட்காமலே சேர்த்த ஒரு வரி:

'முறை பார்த்தவர்: அம்சவள்ளி, திண்டிவனம்.'

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டாள்.