இடது பக்கச் சக்கரம்

நட்டு மாட்டுகிற ஐந்து ஸ்டட்டுகளில் மூன்று முறிந்துபோயிருந்த சக்கரத்தைப் பார்த்ததும் மெக்கானிக்கின் மனசு குளிர்ந்தது. ஐயோ பாவம் என்று தோன்ற வேண்டிய இடத்தில் நன்றாக வேண்டும் என்று தோன்றியது. அவனும் மனுஷன்தானே. பெற்ற பிள்ளை ஒருத்தன் ஒர்க்‌ஷாப் வைத்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, அப்பா தன் பழைய காரை மூக்குக்கண்ணாடி விற்கிற மாப்பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கார்கூடப் போய்த் தொலையட்டும். "இது உனக்குத்தான்டா" என்று அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எத்தனை வருஷம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்! அந்த வார்த்தையைத் தங்கை புருஷன் கைநகம் அழுக்காகாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன மாப்ள பண்ணி வச்சிருக்கீங்க?"

"பஞ்சர் மச்சான்," என்றார் கண்ணாடிக்காரர். "கழட்டப் பாத்தேன், நகரல. இறுகிப் போச்சுன்னு நெனச்சு ஸ்பேனர்ல குழாயைச் சொருகி ஏறி மிதிச்சேன். மூணு போயிடுச்சு. அப்புறம் காத்தடிச்சு ஊர்ந்து ஊர்ந்து வந்தோம்."

"எந்தப் பக்கம் மிதிச்சீங்க?"

"எல்லா நட்டும் கழட்டுற பக்கம்தான். இடது பக்கமா."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டான். இந்தக் காலத்துக் கார்களில் இது கிடையாது. இந்தப் பழைய காரில் இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை தலைகீழ். மற்ற நட்டுகள் கழலுகிற திசையில் இது இறுகும். ஸ்டட்டின் நுனியிலேயே அதற்கு அடையாள எழுத்து பொறித்திருக்கும். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்கு அது தெரியவில்லையாம்.

"கழட்டறேன்னு நெனச்சு இறுக்கியிருக்கீங்க. கார் வச்சுக்கிட்டா போதுமா மாப்ள, அதைப் பத்தி நாலு விஷயம் தெரிய வேணாமா?"

முன் சீட்டில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்த அப்பா, "விடுடா. தெரியாம நடந்துபோச்சு," என்றார். குரலில் தேன் வழிந்தது. சின்ன வயசில் ஒரு போல்ட்டைக் கீழே போட்டதற்கு இதே அப்பா அவன் முதுகில் வைத்த அறை இன்னும் சுள்ளென்கிறது. மாப்பிள்ளை என்றால் மட்டும் தெரியாம நடந்துபோச்சு!

அப்பாவை இறங்கி ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு ஜாக்கி கொடுத்துத் தூக்கினான். மிச்சமிருந்த இரண்டு நட்டுகளை வலது பக்கமாகச் சுற்ற, சமர்த்தாகக் கழன்றன. மாப்பிள்ளை பார்க்கட்டும் என்றே மெதுவாகச் சுற்றினான். சக்கரத்தை எடுத்து, பிரேக் டிரம்மைக் கழற்றி, முறிந்த ஸ்டட்டுகளைப் பின்பக்கமாகத் தட்டி வெளியே தள்ளினான். புது ஸ்டட்டுகள் அவனிடமே இருந்தன. கார் தனக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையில், எங்கேயோ பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கி, எண்ணெய் தடவித் தகரடப்பாவில் போட்டு வைத்தவை. அவற்றை இன்னொருத்தன் காருக்கு எடுத்துக் கொடுக்கும்போது கை கூசியது. ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து நுழைத்து, முன்னால் வாஷர்களை அடுக்கி, பழைய நட்டைப் போட்டு இறுக்க இறுக்க, ஸ்டட் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தது.

டிரம்மையும் சக்கரத்தையும் மாட்டியதும் அப்பா எழுந்து வந்தார். "நட்டு நான் போடறேன். குடு."

அவர் கேட்டதே அவனுக்குப் பெரிசாக இருந்தது. ஒன்றைக் கொடுத்தான். அப்பா குந்தி உட்கார்ந்து ஸ்டட்டில் வைத்துச் சுற்றினார். வலது பக்கமாக. பிடிக்கவில்லை. எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் வலது பக்கமாக.

"என்னடா நட்டு இது? பிடிக்கவே மாட்டேங்குது."

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தான். அதற்குள் கண்ணாடிக்காரர் பாய்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "மாமா, என்னை மாதிரியே நீங்களும் பண்ணாதீங்க. இது நம்ம தலைகீழ் பக்கம்ல?" சொல்லிக்கொண்டே அப்பாவின் மணிக்கட்டைத் தொட்டு மெதுவாக இடது பக்கம் திருப்பினார். அப்பாவுக்கு இப்படித் திருத்திக் கொடுத்து மாப்பிள்ளையின் கை பழகியிருந்தது.

மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது. குழாயைச் சொருகி மிதித்தது மாப்பிள்ளை இல்லை, அப்பா. நாற்பது வருஷமாக இந்தச் சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிய அப்பாவுக்கு மறந்துபோயிருக்கிறது. அது மாப்பிள்ளைக்குத் தெரியும். இன்னும் என்னென்ன மறந்ததோ, அத்தனையும் தெரியும். தனக்கு மட்டும் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து மூடி வைத்திருக்கிறார்கள். காருக்காகப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தபோது மகனிடம் வரவில்லையே!

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனின் முகம். இப்போது ஒரு வார்த்தை போதும். உங்களுக்கு ஞாபகம் சரியில்லை, கார் என்னிடம் இருக்கட்டும் என்றால் யாரும் மறுக்க முடியாது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நட்டு மேலதான் தப்புப்பா," என்றான். "வலது பக்கத்து நட்டை மாத்திக் குடுத்துட்டேன். தாங்க."

வாங்கிக்கொண்டு மேஜைப் பக்கம் போய், டப்பாவைச் சும்மா உருட்டிவிட்டு, அதே நட்டோடு திரும்பி வந்தான். தானே வைத்து இடது பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, "பிடிச்சிருச்சு. இப்ப முறுக்குங்க," என்று விலகினான்.

அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா மாப்ள? இடது எது வலது எதுன்னு தெரியாத பய. இவனுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பு! இதுக்குத்தான் வண்டியை உங்ககிட்ட குடுத்தேன்."

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா," என்றான் மெக்கானிக்.

அப்பா உற்சாகமாக முறுக்கி முடித்து, திரும்பிப் பார்க்காமலே அடுத்த நட்டுக்குக் கையைப் பின்னால் நீட்டினார். நட்டுகள் மெக்கானிக்கின் உள்ளங்கையில் இருந்தன. அப்பாவின் கை மாப்பிள்ளை இருந்த பக்கமாக நீண்டிருந்தது.