பச்சைச் சட்டை, வெள்ளை நட்சத்திரம்

1

இந்தக் கதை ஒலிபெருக்கியில் விழுந்த ஒரு மௌனத்திலிருந்து பிறந்தது. எங்கள் ஊர்ச் செம்மண் திடலில் குதிரைப் பந்தயம். வேலியோரம் ஈ விரட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டத்தை மைக்கில் வர்ணிக்கும் ஜெனெல் கோபுரத்தில். பச்சைச் சட்டையில் வெள்ளை நட்சத்திரம் போட்ட ஜாக்கி முந்தினான். அவன் குதிரையின் பெயரை, 'டின் கெட்டில்' என்று அவள் கத்தியிருக்க வேண்டும்.

"பச்சைச் சட்டை... பச்சை..."

பிறகு குளம்புச் சத்தம் மட்டும்.

2

"ஐம்பத்தொரு வயதில் ஜெனெலின் உடலுக்குள் இலையுதிர்கா—"

இப்படி எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் அப்படியொரு காலமே கிடையாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஜெனெல், தூரத்தில் குதிரைகளை அடையாளம் காட்டும் ஜாக்கிகளின் சட்டைகளைக் கலர் பென்சிலால் வரைந்து, குதிரைப் பெயர்களை உருப்போடுவாள். முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய பெயர் அடுத்த ஓட்டத்தில் நுழைந்துவிடும். மறப்பதும் அவள் தொழில்தான். அன்று மறதி முந்திக்கொண்டது.

(அவள் அம்மா கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, இவளைப் பார்த்து, "டீ கொண்டு வர்ற பொண்ணா நீ?" என்று கேட்டவள். இதைச் சொல்லாமல் ஜெனெலின் பயம் உங்களுக்குப் புரியாது.)

3

"என்ன ஜென், இனிமே சட்டைங்களுக்கா பந்தயம்?" என்றான் பந்தயக் கிளப்பை நடத்தும் டூகி.

"நீ பணம் கட்டின குதிரைக்குப் பேரு ஒரு கேடா? கடைசியா வந்துச்சே, அதுதானே?"

சிரித்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான். "சனிக்கிழமை கோப்பைப் பந்தயத்துக்கு மைக்குல வேற ஆளக் கூப்பிடட்டுமா?"

"டாக்டரப் பாத்துட்டுச் சொல்றேன்."

(டூகியை வில்லனாக்கப் பார்த்தேன். அன்று அவள் தடுமாறியதும் கோபுரத்துக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவன் அவன்தான். விட்டுவிட்டேன்.)

4

எங்கள் ஒதுக்குப்புற ஊருக்கு வாரமொருமுறை விமானத்தில் வரும் டாக்டர் மொய்ரா, ஜெனெலின் பழைய சிநேகிதி.

"அம்மாவுக்கு வந்ததுதானே? மழுப்பாம சொல்லு."

"சோதனையில அதுக்கான அடையாளம் எதுவுமில்ல. தூக்கத்துல வேர்த்து எழுந்திரிக்கிறே, மாசவிலக்கு தாறுமாறா வருது. அதானே?"

"அது கீழ நடக்குற சங்கதி. நான் மண்டையக் கேக்குறேன்."

"மண்டைக்கும் அதுல பங்கு இருக்குடி. ஈஸ்ட்ரோஜன்கிற ஹார்மோன் கருப்பைக்கு மட்டுமா வேலை செய்யுது? பேரத் தேடி எடுக்க மூளைக்கும் அது உதவுது. மூளை தானாவே கொஞ்சம் தயாரிச்சுக்கவும் செய்யும். மாசவிலக்கு நிக்கப்போற வயசு, இப்போ உடம்புல அதோட வரத்து ஏறி இறங்குது. மூளை புது அளவுக்குப் பழகணும். நிறையப் பேருக்குத் தெளிஞ்சுடுது."

"எனக்கு?"

"சத்தியம் பண்ண மாட்டேன். மருந்து இருக்கு, பேசலாம். சனிக்கிழமைக்குள்ள சரியாகுமான்னு மட்டும் கேக்காதே."

[இந்த இடத்தில் எனக்கே ஒரு சொல் அரை நாள் கிடைக்கவில்லை. கண்ணில் வைத்துத் தூரத்தைப் பார்ப்போமே, அது. வெங்காயம் உரிக்கும்போது வந்தது: பைனாகுலர்.]

5

முதல் முடிவு: ஒரு பெயரும் தப்பாமல் சொல்கிறாள், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இரண்டாவது: மைக்கை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கு— எழுதக் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை அவள் டூகியிடம், "நானே சொல்றேன். பேரு வரலேன்னா சட்டையச் சொல்வேன். திட்டுறவன் திட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோபுரம் ஏறினாள்.

கடைசித் திருப்பம். புழுதியைப் பிளந்துகொண்டு வெளிப்பக்கமாக வருகிறது பச்சைச் சட்டை, வெள்ளை நட்சத்திரம். ஜெனெல் வாயைத் திறக்கிறாள்.

பெயரை உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். மேலே திரும்பிப் பார்க்காமல், சீக்கிரம், அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள்.