இடது கைக்குத் தனி அளவு

பத்திரிகையில் இருந்தது பாதி உடம்புதான். கட்டம் போட்ட தாளில் பாதி முன்பக்கம், பாதி முதுகு, ஒரு கை. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் காகிதத்தை வைத்து வெட்டினால் மறுபாதி தானே வந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது. ‘கோடைக்கேற்ற எளிய ரவிக்கை. நீங்களே தைக்கலாம்.’

ரஹ்மத்துன்னிசா அதை நம்பினாள். விலங்கியல் படித்தவள். நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் உடல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறாள். அம்மாவின் உடம்பு இப்போது அப்படி இல்லை என்பது கத்திரியை எடுத்தபோது நினைவுக்கு வரவில்லை.

மாசியில், மதுரையில், அம்மாவுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலும் கத்தி வைத்ததால் இடது கை வீங்கிவிட்டது. குறையும், முழுக்கப் போகாது என்று டாக்டர் சொன்னார். தெருவில் கேட்டவர்களுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள். பழைய ரவிக்கை எதிலும் அந்தக் கை நுழையவில்லை. அத்தாவின் அரைக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ராஜபாளையத்து வெயிலில், அம்மா பின்கட்டை விட்டு வராமல் இருந்தாள்.

கடைத்தெரு டெய்லர் பிச்சை முகம்மது அம்மாவுக்கு வருஷக்கணக்காகத் தைக்கிறவர். அம்மாவைப் பார்த்ததில்லை. அளவு ரவிக்கை ஒன்று போகும், புதிது வரும். இப்போது கொடுத்தனுப்ப அளவு ரவிக்கை இல்லை.

இதற்கிடையில் அசீனா சின்னம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து, மகளின் நிக்காஹுக்கு அழைத்துவிட்டுப் போனாள். அம்மாவின் தங்கை. சொந்தத்தில் அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

“நீ வரலைன்னா நான் யாரு மூஞ்சியப் பாத்துட்டு நிப்பேன்? வந்துரு, அக்கா.”

அவள் போன பிறகுதான் அம்மா சொன்னாள். “பஸ்ஸுல துப்பட்டி மூடிரும். கல்யாண வீட்டுக்குள்ள போயி அத எடுக்கணும்ல? ஒங்கத்தா சட்டையோடவா நிப்பேன், ஒத்தக் கை ஒலக்க மாதிரி?”

மதினி நசீமா பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த தையல் மிஷின் போர்வைக்குள் கிடந்தது. ரஹ்மத் போர்வையை எடுத்தாள். மிதித்துப் பழகுவதற்குள் நூல் நூலாக அறுந்தது. அளவெடுக்க அம்மா ஒரு காலையில்தான் சம்மதித்தாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றபடி.

பெரிய கைக்குச் சரியாக இருந்தால் சின்னக் கைக்கும் போதும் என்று கணக்குப் போட்டு, அத்தாவின் பழைய வேட்டியை மடித்து வெட்டி, தைத்துப் போட்டுப் பார்த்தார்கள். வலது தோள் நழுவி முழங்கைக்கு வந்தது. இடது பக்கம் துணி பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அம்மா கண்ணாடியைப் பார்த்தாள்.

“கழட்டுட்டி. நான் போகல.”

எதிர்த்துப் பேசி ரஹ்மத்துக்குப் பழக்கம் இல்லை. அன்று மத்தியானம் முழுவதும் தரையில் படுத்துக் கிடந்தாள். மின்விசிறி சுடுகாற்றை இறக்கியது. பிறகு எழுந்து, பழைய செய்தித்தாள்களை ஒட்டி, மடிப்பே இல்லாமல் முழு உடம்பையும் வரைந்தாள். இடது பாதி ஒரு கோடு, வலது பாதி ஒரு கோடு. தரையில் விரித்தபோது அது எந்தப் பத்திரிகையிலும் வராத உருவமாக இருந்தது.

நல்ல துணியை அந்தக் காகித அளவிலேயே வெட்டினாள். வெளிர்பச்சை வாயில் துணி, சின்னம்மா கொடுத்துவிட்டுப் போன புடவைக்கு எடுத்தது. இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்து, பழைய மல் துணியை மடித்துச் செருகினாள். மறுநாள் சாயங்காலம் முடித்ததும் அம்மாவுக்கு மாட்டினாள். வலது கை நுழைந்தது. இடது கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. இறக்கவும் முடியவில்லை.

“வலிக்கிட்டி. எடு.”

“செத்த நேரம் இரும்மா.”

வாசலில் சுந்தரம்மாள் குரல். பக்கத்து வீட்டுக்காரி. “ஏட்டி ரஹ்மத்து! பகலெல்லாம் மிஷின் சத்தம் கேக்குது, என்ன, ஒனக்குத்தான் மாப்ள வருதானா?”

“இல்லக்கா, தலகாணி உறை,” என்றாள் ரஹ்மத் உள்ளிருந்தபடியே.

“எம்புட்டுத் தலகாணிட்டி ஒங்க வீட்ல!” சிரித்துக்கொண்டே செருப்புச் சத்தம் போனது.

அந்தக் குரல் மறையும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு ரஹ்மத் கத்திரியின் முனையைக் கையோடு ஒட்டி உள்ளே விட்டு, தான் தைத்த கையைத் தானே வெட்டினாள். அம்மாவின் தோலில் தையல் பதிந்த கோடு இருந்தது.

“காலைல அளந்த,” என்றாள் அம்மா, வெட்டுப்பட்ட துணியைப் பார்த்துக்கொண்டு. “சாயங்காலம் இந்தக் கை வேற கை. ஒனக்குத் தெரியாது. நான் சொல்லல.”

“ஏம்மா சொல்லல?”

“எதத்தான் சொல்ல? சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.”

ரஹ்மத் நாடாவை எடுத்து, விளக்கடியில், வீங்கியிருந்த கையை அப்படியே அளந்தாள். மிச்சமிருந்த துணியில் ஒரே துண்டில் ஒரு புதுக் கை வராது. இரண்டு துண்டை ஒட்டி, ஒட்டு அக்குளுக்குள் மறையும்படி வெட்டினாள். மறுநாள் காலை மாட்டியபோது கை தொளதொளவென்று ஆடியது. இதைத் திருத்தலாமா என்று அம்மா கேட்கவில்லை. ரஹ்மத்தும் திருத்தவில்லை. நிக்காஹ் பகலில், வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும்.

“வாரியாம்மா?”

“வாரேன். வந்து பாக்கேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது சின்னம்மா வீடு. பெண்கள் அறையில் பூவும் வேர்வையும் பிரியாணி வாடையும். அம்மா சுவரோரம் துப்பட்டியோடு உட்கார்ந்தாள். உள்ளே வந்த ஒவ்வொருவரும் அதைப் பிடித்து இழுக்காத குறைதான். “அவுத்துப் போடுங்கக்கா, வேகுதுல்ல.” கடைசியில் அம்மா ரஹ்மத்தைப் பார்த்தாள். எடுத்தாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி உடனே பார்த்துவிட்டாள். “இதென்ன, ஒரு கை தொங்குது? எந்த டெய்லரு இப்பிடிக் கெடுத்து வச்சான்?”

பேச்சு நின்றது. இத்தனை பேருக்கு முன்னால் ரஹ்மத் வாய் திறந்ததே இல்லை.

“நான்தான் தச்சேன்,” என்றாள். “துணிய மடிக்காம வெட்டிட்டேன். அளவு தப்பிப் போச்சு.”

“படிச்ச பிள்ளையா?”

“பி.எஸ்ஸி,” என்றாள் அம்மா.

அறையே சிரித்தது. “பி.எஸ்ஸி முடிச்ச பொண்ணுக்கு ரெண்டு கையும் ஒரே அளவுன்னு தெரியலையா!” சின்னம்மா எல்லோரையும்விடப் பெரிய குரலில் சேர்ந்துகொண்டாள். “நான் அப்பவே சொன்னேன், இவகிட்டத் துணியக் குடுக்காதன்னு! புத்தகத்தப் பாத்துத் தைக்காளாம்!”

அம்மாவும் சிரித்தாள். மாசிக்குப் பிறகு ரஹ்மத் அதைக் கேட்டதில்லை. ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் யாரும் அம்மாவின் கையைப் பார்க்கவில்லை, ரஹ்மத்தைத்தான் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதுகூட ஒருத்தி, “கத்திரிய மட்டும் இவ கையில குடுத்துராதிய,” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் அம்மாவுக்குக் கிடைத்தது. வெளியே வெயில் இறங்கியிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை முன் இருக்கைக் கம்பியில் தூக்கி வைத்திருந்தாள். ரஹ்மத் துப்பட்டிக்குள் விரலை விட்டு, ரவிக்கைக் கைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தாள். துணி நிறைந்திருந்தது. ஒரு விரல் போக இடம் இருந்தது.

“இறுக்கிப் பிடிக்குதாம்மா?”

“இல்ல,” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். “நீயும் செத்த நேரம் தூங்கு.”