சேறு மேடமும் சில்லென்ற குழாயும்

கப்பலில் அவளுக்கு "சேறு மேடம்" என்று பெயர். நீளக் குழாயைக் கடலடிக்கு இறக்கி, சேற்றை அப்படியே உருவி மேலே கொண்டுவந்து, தடவித் தடவிப் பார்ப்பது அவள் வேலை. ஆழத்துச் சேற்றில் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்து கிடக்கும். அது இருக்கிற இடத்தில் குழாய் சில்லென்றிருக்கும். அந்தக் கட்டி உருகினால் சேற்றின் பிடிப்பு விட்டுப்போய், கடலடிச் சரிவு மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். மேலே கேபிள் கிடந்தால் அதுவும் கூடவே போகும்.

அந்தக் கேபிளைப் போடவேண்டியவர் அவள் அக்கா புருஷன்.

"மச்சினி, போன ரெண்டு சரிவுலயும் ஆபத்து ஆபத்துன்னு சுத்திப் போக வச்சே. அப்புறம் தோண்டிப் பார்த்தா வெறும் களிமண்ணு. இந்தத் தடவையும் அப்படின்னா ஆபீஸ்ல உன்னை இறக்கி விட்டுடுவாங்க."

"இறக்கி விடட்டும் அத்தான். உங்க கேபிள் அறுந்தா என் பேரைச் சொல்லி அழாதீங்க."

குழாய் மேலே வந்தது. சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவில் இரண்டு இடத்தில் அழகான நீலம். குளிர்ச்சி. அவள் ஓடிப்போய்க் கேப்டனிடம் சொல்லிவிட்டாள். "சரிவுல கட்டி இருக்கு. சுத்தித்தான் போகணும்."

திரும்பி வந்தபோது, குழாயை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மேடம், அந்த முதல் நீலம் என் சோடா பாட்டிலு."

"என்னது?"

"ஃப்ரிட்ஜுலேர்ந்து எடுத்துக் கொஞ்ச நேரம் குழாய் மேல வச்சிருந்தேன். வாட்டமா இருந்துச்சு."

"அப்ப ரெண்டாவது?"

அத்தான் வானத்தைப் பார்த்தார். "நானும் ஒரு ஜூஸ் வச்சிருந்தேன். அவர் வச்சிருந்தாரேன்னு."

அவள் நேராகக் கேப்டனிடம் போனாள். "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இன்னொரு குழாய் இறக்கணும்."

"இது என்ன ஹோட்டலாம்மா, இன்னொரு ப்ளேட் கேக்க? ஒண்ணே ஒண்ணு. அதுலயும் இல்லேன்னா நேர் வழிதான். ரிப்போர்ட்டுல நீங்களே கையெழுத்துப் போடணும்."

இரண்டாவது குழாய் வருவதற்குள் எல்லார் பாக்கெட்டையும் துழாவினாள்.

"உங்க அக்காகூட என்னை இப்படித் துழாவினதில்ல," என்றார் அத்தான்.

"அதான் நீங்க இந்த லட்சணத்துல இருக்கீங்க."

குழாயைப் படுக்கவைத்தார்கள். உள்ளங்கையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். வெதுவெதுப்பு, வெதுவெதுப்பு. கடைசி முனையருகே சில்லென்றது.

"இங்க."

வின்ச்காரர் மறுபடி தலையைச் சொறிந்தார். "அந்த முனையில சேறு ஒட்டியிருந்துச்சுன்னு இப்பத்தான் தண்ணி அடிச்சுக் கழுவினேன் மேடம்."

"உங்களைக் கடல்ல தூக்கிப் போட்டாக்கூட ஒரு மீனும் சீந்தாது."

"தண்ணி பட்டா சில்லுன்னுதானே இருக்கும்," என்று அத்தான் குந்தி உட்கார்ந்து, முனை மூடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனார். "விட்டுடு மச்சினி. கேப்டன்கிட்ட நானே பக்குவமாச் சொல்றேன்."

"முனைக்கு நேரா உக்காராதீங்க. உள்ள உருகினா வாயு அழுத்தும்."

"எத்தனை கப்பல்ல இதையே சொல்றே. ஒரு தடவையாவது அழுத்..."

மூடி 'டப்'பென்று அவர் காதோரம் பறந்தது. பின்னாலேயே குளிர்ந்த சேறு, நெஞ்சிலிருந்து இடுப்புவரை. மல்லாக்க விழுந்தார்.

"ஐயோ சாரு," என்று வின்ச்காரர் ஓடினார்.

"யாரும் தொடாதீங்க," என்றாள் சேறு மேடம். "அத்தான், அசையாதீங்க."

"அடி ஒண்ணும் படலம்மா. பயப்படாதே."

"நான் உங்களைப் பார்க்கலை."

சட்டையில் அப்பிய சேற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் சொய்யென்று நுரைத்துக்கொண்டிருந்தன. சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒன்று கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. அவள் கரண்டியும் உறைகுளிர்க் குடுவையுமாக அவர் மேல் குனிந்தாள். கேப்டன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கப்பலைத் திருப்பச் சொல்லிப் போனார்.

அத்தான் படுத்தபடியே ஆபீசுக்குப் போன் போட்டார்.

"சார், சுத்தித்தான் போகணும்... ஆமா, அவங்க சொல்றது சரிதான்... போட்டோ எல்லாம் இல்ல சார். என் மேலேயே இருக்கு."

"பேசும்போது வயிறு ஏறி இறங்குது அத்தான். மூச்சைப் பிடிச்சுக்கோங்க."